சிறிய எரிவாயு மின் நிலையமும் மாலை நேர மின்சாரமும்

2025 ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று படூரில் கிராம சபை கூடிற்று. வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் முதியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, சாயங்காலம் விளக்கு வைக்கும் வேளையில் மின்சாரம் சோர்ந்து விடுகிறது. மின்விசிறி சுற்றுவதாகப் பேர், காற்று வருவதில்லை. குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் எடுப்பதில்லை. குத்தாலத்திலும் வழுதூரிலும் எரிவாயுவை வைத்துக்கொண்டு சின்னதாக மின் நிலையம் கட்டியிருக்கிறார்களாம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தீர்மானம் போட்டால் என்ன?” என்று கேட்டார். கூடியிருந்தோரில் பலர் கைதட்டினர். தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்கு எழுத்தர் பேனாவையும் எடுத்துவிட்டார்.

கேள்வி நியாயமானதே. அன்று அதற்கு நான் சொன்ன விடை சுருக்கமானது. கேட்டவருக்கு மனநிறைவு அளித்ததாகத் தெரியவில்லை. இதே கேள்வி வேறு பல பஞ்சாயத்துகளிலும் எழக்கூடும் என்பதால், அதற்குரிய விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதலாமென்று எண்ணினேன்.

முதற்கண் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். வீட்டு அடுப்புக்கு இரும்பு உருளையில் வருகிற வாயு வேறு. மின் நிலையத்தில் எரிகிற வாயு வேறு. உருளையில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்கள் அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டது. மின் நிலையங்களில் எரிவது பெரும்பாலும் மீத்தேன் அடங்கிய இயற்கை எரிவாயு. இது பூமிக்கடியிலுள்ள பாறை அடுக்குகளிலிருந்து கிணறு வழியாக மேலே வந்து, சுத்தம் செய்யப்பட்டு, குழாய் மூலம் செல்கிறது. நமது மாநிலத்தில் காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம் பகுதியிலும் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணறுகள் உள்ளன. அங்கே கிடைப்பதைக் கெயில் நிறுவனம் குழாயில் கொண்டு சேர்க்கிறது.

அந்த வாயு கிடைத்த இடங்களை ஒட்டியே நமது எரிவாயு மின் நிலையங்களும் எழுந்தன. 1990 களின் தொடக்கத்தில் நரிமணத்தில் 10 மெகாவாட் அளவில் ஒரு மிகச் சிறிய நிலையம் அமைந்தது. அதன் பின்னர் திருவாரூர் மாவட்டத்துத் திருமாக்கோட்டையில் ஏறக்குறைய 108 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட், இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் முதலில் 95 மெகாவாட்டும் பிறகு 92 மெகாவாட்டும் நிறுவப்பட்டன. புதுச்சேரி அரசும் காரைக்கால் பகுதிக்கென்று திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய போலகத்தில் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்றை அமைத்தது. அது 2000 ஆம் ஆண்டு முதல் இயங்கலாயிற்று.

மெகாவாட் என்னும் சொல் அச்சம் தரவேண்டியதில்லை. ஐந்து குதிரைத்திறன் கொண்ட நமது கிணற்று மோட்டார்கள் சுமார் 250 ஒரே சமயத்தில் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரமே ஒரு மெகாவாட் என்று கொள்ளலாம். அவ்வாறாயின் குத்தாலம் நிலையம் முழுத்திறனில் ஓடும்போது இருபத்தையாயிரம் மோட்டார்களை ஓட்டும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 2024 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்ட மின்சாரம் 20,830 மெகாவாட். இந்தக் கணக்கில் குத்தாலத்தின் பங்கு இருநூறு ரூபாயில் ஒரு ரூபாய்க்கும் குறைவு. பின் எதற்காக இத்தகைய நிலையங்களை வைத்துக் காப்பாற்ற வேண்டும்? இதற்கு விடை காணுமுன் யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நலம்.

கொடியடுப்பும் எரிவாயுச் சுழலியும்

எரிவாயு நிலையத்தின் பிரதான யந்திரம் டர்பைன் எனப்படும் சுழலி. ஒரு நீண்ட அச்சின் முன்பகுதியில் காற்றை இழுத்து அழுத்தும் இறக்கைகள் இருக்கின்றன. அழுத்தப்பட்ட காற்று நடுவிலுள்ள எரியறைக்குள் புகுகிறது. அங்கே எரிபொருள் அதனுடன் கலந்து எரிகிறது. மிகுந்த வெப்பத்தால் விரிந்த வாயு, பின்பகுதியிலுள்ள சுழலியின் இறக்கைகளின்மேல் பாய்ந்து அச்சைச் சுழற்றுகிறது. ஆகாய விமானத்தின் ஜெட் யந்திரமும் இதே முறையில் அமைந்ததுதான். இவ்வாறு பிறக்கும் சக்தியில் பாதியளவையும் அதற்கு மேலும், முன்னாலிருக்கும் காற்றழுத்தியே விழுங்கிவிடுகிறது. மீதியே மின்னாக்கியைச் சுற்றி மின்சாரமாகிறது.

சுழலியைவிட்டு வெளிவரும் புகை 500 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் இருக்கிறது. அதை அப்படியே புகைபோக்கி வழியாக விட்டுவிட்டால் எரித்த எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகும், எஞ்சியது வீண். நமது தாய்மார்கள் மண் அடுப்பு போடும்போது பக்கத்தில் ஒரு கொடியடுப்பும் சேர்த்துப் போடுவார்கள். தலையடுப்பில் எரிந்த தீயின் மீதச் சூடு கொடியடுப்பில் குழம்பைக் கொதிக்க வைத்துவிடும். அதற்கெனத் தனி விறகு வேண்டியதில்லை. குத்தாலத்திலும் நடப்பது இதுதான். சூடான புகையை ஒரு கொதிகலனுக்குள் செலுத்தி, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் கொண்டு இரண்டாவது சுழலி ஒன்றைச் சுற்றுகிறார்கள். அங்குள்ள 101 மெகாவாட்டில் 64 மெகாவாட் எரிவாயுச் சுழலி தருவது. மற்ற 37 மெகாவாட்டும் கொடியடுப்புச் சமையல். இம்முறையை இணைச்சுற்று என்பர். இதனால் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழப் பாதி மின்சாரமாகிறது. அதே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையம் வெளிவிடும் கரியமில வாயுவில் பாதியளவே இங்கு வெளியாகிறது. சாம்பல் குவிவதும் இல்லை.

கொடியடுப்புக்கு ஒரு குறையும் உண்டு. கொதிகலன் சூடேறி ஆவி பிறப்பதற்குப் பொறுத்திருக்க வேண்டும். தனியாக நிற்கும் எரிவாயுச் சுழலியோ பத்து நிமிடம் முதல் அரை மணி நேரத்துக்குள் முழுத்திறனுக்கு வந்துவிடும். இணைச்சுற்று நிலையம் குளிர்ந்த நிலையிலிருந்து எழுவதற்குச் சில மணி நேரம் ஆகும். நிலக்கரி நிலையத்துக்கு அரை நாளும் அதற்கு மேலும் வேண்டும். சிக்கனம் வேண்டுமானால் ஒரு யந்திரம், விரைவு வேண்டுமானால் மற்றொரு யந்திரம் என்று இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தேரும் முட்டுக்கட்டையும்

ஏரிப் பாசனத்தில் பழகிய நமக்கு, ஐப்பசியில் பெய்த நீரைத் தையிலும் மாசியிலும் மதகு திறந்து பாய்ச்சலாம் என்பது இயல்பாகப்படுகிறது. மின்சாரத்துக்கு அவ்வாறான ஏரி இல்லை. அது ஏற்றத்து நீரைப் போன்றது. சால் கவிழும் கணத்தில் வாய்க்காலில் ஓடும். சால் நின்றால் வாய்க்காலும் வறண்டுவிடும். படூரில் ஒருவர் விளக்கின் பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் எங்கோ ஒரு நிலையத்தில் அதற்குரிய மின்சாரம் உண்டாக வேண்டும். மின்கலங்களில் ஓரளவு சேமிக்கிறார்கள் என்பது உண்மையே. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், இரவில் நீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980 களிலேயே ஏற்பட்டது. ஆயினும் நாட்டின் மொத்தத் தேவையை நோக்க, இச்சேமிப்பு இன்னும் சிறிய அளவினதே.

இந்தியா முழுவதிலுமுள்ள மின் நிலையங்கள் அனைத்தும் இப்பொழுது ஒரே வலையாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. நீண்டகாலம் தென்னாட்டு வலை தனித்தே ஓடிற்று. 2013 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் தேதி ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையிலான மின்பாதை வழியாக அது வடநாட்டு வலையுடன் ஒத்திசைந்தது. அன்று முதல் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் மின்னாக்கிகள் ஒரே தாளத்தில், வினாடிக்கு 50 அலைகள் என்ற கணக்கில் சுழல்கின்றன. தேவை கூடி உற்பத்தி பின்தங்கினால் இந்தத் தாளம் குறையும். உற்பத்தி மிஞ்சினால் கூடும். 49.90 க்கும் 50.05 க்கும் இடையில் அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி.

திருப்போரூர் முருகன் கோயில் தேரோட்டம் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானவர். தேரை இழுக்கும் பலம் அவர்களுடையதே. ஆனால் சக்கரத்தின் அருகில் முட்டுக்கட்டையுடன் சிலர் கூடவே செல்கிறார்கள். வீதி சரியும் இடத்திலும், மூலை திரும்பும் இடத்திலும், சரியான நொடியில் கட்டையைக் கொடுத்தும் எடுத்தும் தேரைத் தடத்தில் வைப்பவர்கள் அவர்களே. இழுக்கும் பலத்தைக் கணக்கிட்டால் அவர்கள் பங்கு ஒன்றுமில்லை. அவர்கள் இல்லாமல் தேர் நிலைக்கு வந்து சேராது. பெரிய நிலக்கரி நிலையங்களும் அணு உலைகளும் வடம் பிடிப்போர். நம் கடற்கரையிலேயே கல்பாக்கத்தில், 220 மெகாவாட் திறனுள்ள இரு உலைகள் 1984 ஆம் ஆண்டிலும் 1986 ஆம் ஆண்டிலும் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. அணு உலை ஒரே சீராக ஓடுவதற்கு ஏற்றது. மணிக்கொருமுறை ஏற்றி இறக்குவதற்கு உகந்ததன்று. சிறிய எரிவாயு நிலையம் முட்டுக்கட்டைக்காரரைப் போன்றது.

வீதி சரிகிற இடம் எது என்று கேட்டால், மாலைப் பொழுது என்பதே விடை. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவு திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய ஒளி நிலையங்களும் 2025 ஆம் ஆண்டில் அந்த அளவைக் கடந்துவிட்டன. நண்பகலில் சூரியன் தாராளமாகக் கொடுக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் அது இறங்கத் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சூனியமாகிவிடுகிறது. அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஒருங்கே எழுகின்றன. ஒரு பக்கம் உற்பத்தி சரிய, மறுபக்கம் தேவை ஏறுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப, அழைத்தவுடன் ஓடி வரக்கூடிய யந்திரம் தேவைப்படுகிறது. 2024 ஆம் ஆண்டு கோடையில் இந்தியாவின் உச்சத் தேவை 250 கிகாவாட்டை, அதாவது இரண்டரை லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. அதை முன்கூட்டியே எதிர்பார்த்து, மின்சாரச் சட்டத்தின் 11 ஆம் பிரிவைப் பயன்படுத்தி, மே மாதம் முதல் தேதியிலிருந்து ஜூன் 30 வரை எரிவாயு நிலையங்கள் இயங்குவதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. நாட்டின் மின் உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குகூட எரிவாயுவினுடையது அன்று. அப்படியிருந்தும் இத்தகைய ஆணை தேவைப்பட்டது.

இருளிலிருந்து எழுப்புதல்

சென்னை பேசின் பாலத்தில் வெள்ளையர் ஆட்சிக் காலம் தொட்டு நிலக்கரி மின் நிலையம் ஒன்று நகருக்கு ஒளி தந்து வந்தது. அது ஓய்ந்த பின்னர், 1996 ஆம் ஆண்டில் அங்கே 30 மெகாவாட் வீதம் நான்கு எரிவாயுச் சுழலிகள் நிறுவப்பட்டன. அவற்றில் கொடியடுப்பு கிடையாது. விந்தை என்னவெனில், எரிவாயுச் சுழலி என்ற பெயர் இருப்பினும் அவை நாப்தா, டீசல் போன்ற எண்ணெய்களைக் கொண்டு ஓடுவதற்காக அமைந்தவை. சுழலியைச் சுற்றுவது சூடான வாயு என்பதாலேயே அப்பெயர். எண்ணெய் விலை மிகுந்த பொருள். ஆகவே நாள் முழுதும் ஓட்டுவதற்கு அந்நிலையம் ஏற்படவில்லை. ஆண்டின் பெரும்பகுதி அது சும்மா நிற்கும். சும்மா நிற்பதற்கா இத்தனை செலவு என்று கேட்போர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே நினைத்தேன். தீயணைப்பு வண்டி சும்மா நிற்பதைக் குறைகூறுவது போன்றது அது என்று இப்பொழுது படுகிறது.

2012 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் தேதி அதிகாலையில் வடநாட்டு மின்வலை முழுவதும் விழுந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று வலைகளும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடி மக்களுக்கு மேல் வாழும் பிரதேசம் மின்சாரமின்றி நின்றது. அப்பொழுது நமது வலை ஒத்திசைவின்றித் தனித்திருந்தமையால் தமிழ்நாடு தப்பிற்று. அவ்வாறு ஒரு வலை முற்றிலும் இருண்டுவிட்டால் பெரிய நிலையம் தானாக எழுந்துவிடாது என்பதைப் பலர் அறியார். நிலக்கரியை அரைக்கும் ஆலைகள், காற்று ஊதும் விசிறிகள், நீரேற்றும் பம்புகள் ஆகியவற்றுக்கே அதன் உற்பத்தியில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டு பங்கு வரை மின்சாரம் தேவை. 210 மெகாவாட் யந்திரம் ஒன்றை எழுப்ப, வெளியிலிருந்து பத்துப் பதினைந்து மெகாவாட் கிடைத்தாக வேண்டும். அணைக்கட்டு நிலையங்களும் சிறிய எரிவாயுச் சுழலிகளுமே அதனைக் கொடுக்கக் கூடியவை. ஒரு டீசல் யந்திரத்தால் முதலில் எரிவாயுச் சுழலி உருளுகிறது. சுழலியின் மின்சாரத்தால் பெரிய நிலையத்தின் பம்புகள் ஓடுகின்றன. பெரிய நிலையம் எழுந்து நகரங்களுக்கு ஒளி தருகிறது. விளக்கு விளக்கை ஏற்றுவது போன்ற வேலை இது. அணைகள் இல்லாத சென்னையில், நகரத்துக்குள்ளேயே 30 மெகாவாட் யந்திரங்கள் நிற்பதன் அருமை அத்தகைய நாளில்தான் தெரியும்.

இலங்கையில் 2025 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் தேதி பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது என்று பத்திரிகைகளில் வாசித்தோம். சிறிய வலைக்கு ஒரு குரங்கும் போதுமானதாகிவிடுகிறது. பெரிய வலையில் பிணைந்திருப்பதன் பயன் இதிலிருந்து விளங்கும்.

எரிவாயு எங்கிருந்து வரும்?

இதுவரை நற்பண்புகளையே சொன்னேன். மறுபக்கத்தையும் விவசாயிகளிடம் மறைக்கலாகாது. 100 மெகாவாட் இணைச்சுற்று நிலையம் ஒரு நாள் முழுவதும் ஓடுவதற்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர் வாயு வேண்டும். ஆந்திரக் கடற்கரைக்கு அப்பாலுள்ள வயல்களில் வாயு பெருகும் என்று நம்பிப் பல மாநிலங்களில் எரிவாயு நிலையங்கள் கட்டப்பட்டன. எதிர்பார்த்தது வரவில்லை. 14,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்நாட்டு வாயு கிடைக்காமல் முடங்கின. இறக்குமதி வாயுவுக்காக எண்ணூரில் 2019 ஆம் ஆண்டு ஒரு முனையம் திறக்கப்பட்டது. ஆயினும் கப்பலில் வரும் வாயுவின் விலை உலகச் சந்தையைப் பொறுத்து ஏறும், இறங்கும். உரத் தொழிற்சாலைகளுக்கும் அதே வாயு வேண்டும்; யூரியா விவசாயிக்கு எவ்வளவு அவசியம் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உள்நாட்டில் மேலும் கிணறு தோண்டலாமே என்றால், அந்தக் கிணறுகள் இருக்கும் இடம் காவிரிப் படுகையின் நன்செய் நிலம். குழாய் செல்லும் வயலில் ஆழமாக உழ முடியாமையும், கசிவு பற்றிய அச்சமும் அங்குள்ள குடியானவர்களை நெடுங்காலம் வாட்டின. 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாப் பகுதியில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடை செய்தது. முன்பே நடந்துவந்தவை தொடர அனுமதிக்கப்பட்டன. நமது மாலை விளக்கின் ஒளியில் அந்த வயல்களின் பங்கும் இருக்கிறது என்பதை, அங்கு சென்று குழாய் பதித்த வரப்புகளைக் கண்ட பின்னரே நான் உணர்ந்தேன்.

படூருக்கு எது வேண்டும்?

இப்பொழுது முதியவரின் கேள்விக்கு வருவோம். படூரில் எரிவாயுக் கிணறு இல்லை. குழாய் இழுத்து வந்து நிலையம் கட்டினாலும், அதன் மின்சாரம் படூரிலேயே தங்காது. பொது வலைக்குள்தான் செல்லும். வலைக்குள் சென்ற மின்சாரத்துக்கு ஊர்ப் பெயர் கிடையாது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. படூரின் தொல்லைக்கு உற்பத்திக் குறைவு காரணமே அன்று.

மின் தடங்கலில் இருவகை இருக்கின்றன. நாடு முழுவதும் உற்பத்தி போதாமல் போவது ஒருவகை. அதற்கு மின் நிலையம் மருந்து. உற்பத்தி இருந்தும் அது நம் வீடுவரை வந்து சேராமல் போவது மற்றொரு வகை. 2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது நம் பகுதியில் எத்தனை நாள் இருளில் கிடந்தோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று நாட்டில் மின்சாரம் இல்லாமலா போயிற்று? கம்பங்கள் சாய்ந்துவிட்டன, கம்பிகள் அறுந்துவிட்டன. எத்தனை எரிவாயு நிலையம் இருந்தும் அவ்வேளையில் உதவியிராது.

படூரைச் சுற்றியுள்ள நிலைமையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப்பாசன வயல்களும், கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களுமாக இருந்த இந்தச் சாலையோரம், சிறுசேரியில் தொழில் பூங்கா வந்தபின் அடுக்குமாடிகளால் நிரம்பிவிட்டது. ஐம்பது வீடுகளுக்கென வைத்த மின்மாற்றியில் நூறு, நூற்றைம்பது வீடுகள் தொங்கினால், மாலையில் மின்னழுத்தம் இறங்கத்தான் செய்யும். கடைசிக் கம்பத்து வீடுகளுக்கு இத்துன்பம் அதிகம். வரிசையின் கடைக்கோடியில் உள்ளவர்களே எழுந்து கேள்வி கேட்கிறார்கள் என்பதைக் கிராம சபைகளில் பலமுறை கவனித்திருக்கிறேன்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். வேறொரு மாவட்டத்தில் நான் பணியாற்றியபோது, ஒரு சிற்றூரின் குடிநீர் மோட்டார் ஒரே கோடையில் மூன்று முறை எரிந்துபோயிற்று. மூன்று முறையும் கம்பிச்சுருள் மாற்றுவதற்கான பட்டியலில் நானே கையொப்பமிட்டேன். மோட்டார் தரமற்றது என்று விற்றவரைக் கடிந்துகொண்டேன். நான்காம் முறை எரியுமுன் இளம் மின்பணியாளர் ஒருவர் மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தத்தை அளந்து காட்டினார். 415 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 330 தான் இருந்தது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்வதற்குக் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும். சுருள் சூடேறிக் கருகும். தொட்டி இயக்குபவர் தம் வயல் வேலை முடித்து வந்து மாலையில் மோட்டார் போடுவது வழக்கம். நேரத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினோம். அந்த மோட்டார் அதன்பின் நான் மாறுதலாகும் வரை எரியவில்லை. மூன்று பட்டியல்களுக்குச் செலவான பஞ்சாயத்துப் பணத்தையும், பெண்கள் வெறுங்குடத்துடன் காத்திருந்த நாட்களையும் நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக் கூடியவை சில உண்டு. மேல்நிலைத் தொட்டிகளைக் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணிக்குள் நிரப்பிக்கொள்ளலாம். அது சூரிய மின்சாரம் நிறைந்திருக்கும் நேரம். நமது மின்மாற்றிக்கும் சுமை குறைந்த நேரம். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை உள்ள உச்ச வேளையில், குடிநீருக்கு அவசரத் தேவை இருந்தாலன்றி மோட்டார் போடாதிருக்கலாம். தொழிற்சாலைகள் இந்நேரத்து மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணமே செலுத்துகின்றன. விவசாயிகள் பம்புசெட்டுக்குக் கபாசிட்டர் பொருத்தி, அது பழுதுபடாமல் பார்த்துக்கொண்டால் கம்பியில் ஓடும் வீண் மின்னோட்டம் குறைந்து, அண்டை வீட்டு விளக்கும் சற்றுப் பிரகாசமாக எரியும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்றே, எந்நேரம் ஓடினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கட்டணம் நமக்கு இல்லை என்பது மெய். மாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஈடாக எங்கோ விலைமிகுந்த வாயுவோ எண்ணெயோ எரிகிறது என்பதும் மெய்.

படூர்க் கிராம சபையில் எழுத்தர் திறந்து வைத்திருந்த பக்கத்தில் இறுதியில் எழுதப்பட்ட தீர்மானம் எரிவாயு நிலையம் கோருவதாக இல்லை. மாலை ஏழு மணிக்கு ஊரின் கடைசிக் கம்பத்தில் ஒரு வாரம் தொடர்ந்து மின்னழுத்தத்தை அளந்து, அந்த அட்டவணையையும், ஒவ்வொரு மின்மாற்றியிலும் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்து, கூடுதல் மின்மாற்றி வேண்டி மின்வாரிய உதவிச் செயற்பொறியாளருக்கு விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. மின் நிலையம் கேட்டு எழுதியிருந்தால் அந்தத் தாள் எந்த அலுவலகத்தில் உறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. அளவுகளுடன் செல்லும் விண்ணப்பத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கூட்டம் கலைந்த பின் முதியவர் என்னிடம் வந்து, “அளக்கிற கருவி யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டார். பஞ்சாயத்தில் இல்லை. தெருவில் மின்வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தம்முடையதைத் தருவதாகச் சொன்னார். மறுநாள் மாலை ஏழு மணிக்குக் கடைசிக் கம்பத்தருகே வந்து நிற்பதாக முதியவர் ஒப்புக்கொண்டார்.